பொதுச் சொத்தும் பூத வேடமும்

கிண்ணியாவில் மஃரிபு வேளை நெருங்குகையில் மூத்தம்மாமார் பிள்ளைகளை வீட்டுக்குள் அழைப்பர். வெளியே ஜின் உலவும் என எச்சரிப்பர். அவ்வச்சத்திற்கு ஒரு பயன் உண்டு. இருள் சூழுமுன் பிள்ளை கடலோரத்தை விட்டு வீடு சேரவேண்டும் என்னும் அக்கறையே அச்சொல்லில் ஒலிக்கிறது. அச்சமூட்டும் கதை எதுவாயினும், அது எதன்பொருட்டு அச்சமூட்டுகிறது என வினவுதல் வேண்டும். பழைய சித்திரப் பாத்திரங்களைப் பூதங்களாக்கும் மேனாட்டுத் திகில் நகைச்சுவைப் படங்கள் இவ்வினாவின் முன் வாயடைத்து நிற்பவை.

1926இல் ஏ. ஏ. மில்ன் எழுதிய 'வின்னி த பூ' நூல் 2022 சனவரி 1இல் அமெரிக்காவிற் பதிப்புரிமைக் காப்பினின்றும் நீங்கியது. மறு ஆண்டே அந்நூலின் கரடி திரையிற் கொலைஞனாயிற்று. 1928இல் வந்த 'ஸ்டீம்போட் வில்லி'யின் மிக்கி எலி 2024இற் பொதுவுக்கு வந்தது. 2025இல் வெளியான 'ஸ்க்ரீம்போட்' அதனைப் படகுப் பயணிகளைக் கொல்லும் எலியாக்கியது. 1929இற் பிறந்த பாப்பாய் மாலுமியும் 2025இல் அக்கதிக்கே ஆளானான்.

இது பெருநிறுவன ஏகபோகத்திற்கு எதிரான கலகம் என்பர் சிலர். ஏகபோகம் கண்டிக்கத்தக்கதே. 1998இல் அமெரிக்கா பதிப்புரிமைக் காலத்தை மேலும் 20 ஆண்டுகள் நீட்டியபோது, அதனை வேண்டி நின்றோருள் டிஸ்னி நிறுவனமும் ஒன்று. ஆனால் எதிரியின் புகழையே விளம்பரமாக்கிப் பிழைப்பது கலகமாகாது, அது வணிகமே. கிறிஸ்தோபர் ராபின் கல்விக்காகப் பிரிந்து செல்ல, பசியால் வாடிய தோழர்கள் கொடியோராவதே கரடிப் படத்தின் தொடக்கம். கைவிடப்பட்டோரின் சீற்றம் என்னும் ஆழ்ந்த கரு அங்குண்டு. அதனை உதறிவிட்டுப் பெண்களைத் துரத்திக் கொல்வதிலேயே படம் காலங்கழிக்கிறது. மிகமோசமான படத்திற்கான 'கோல்டன் ராஸ்பெரி' விருது 2024இல் அதற்குக் கிட்டியது. எனினும் சிறுமுதல் பெருலாபம் ஈட்டியமையால் அவ்வாண்டே இரண்டாம் பாகமும் வந்தது.

ஈழத்துத் தமிழருக்கும் ஒரு சித்திர உலகம் உண்டு. 'சிரித்திரன்' ஆசிரியர் சிவஞானசுந்தரம் படைத்த சவாரித்தம்பர், சமுதாயத்தின் போலிமைகளைச் சிரிப்பினால் தோலுரித்தவர். படைத்தவர் 1996இல் மறைந்தார். இலங்கையின் 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டம் ஆக்கியோனின் மறைவின் பின் 70 ஆண்டுகள் காப்பளிக்கிறது. அதன் பின் தம்பரும் பொதுச் சொத்தாவார். அன்று அவரை எவரேனும் பூதமாக்கிவிடுவரோ என்பதன்று அஞ்சவேண்டியது. பூதமாக்குதற்கேனும் அவரை எவரும் நினைவில் வைத்திராமையே அஞ்சத்தக்கது. மிக்கியை அறிந்த பிள்ளை தம்பரை அறியாது வளருமாயின், அக்குற்றம் மேனாட்டுத் திரைக்குரியதன்று.

வேலி நீங்கிய வயலில் உழுவோர் இறங்காவிடிற் களையே முளைக்கும். களையைக் கண்டஞ்சி மீண்டும் வேலி கட்டுதல் பேதைமை. சொல்வதற்கு ஒன்றுடையோர் இறங்கி உழுதலே கடன்.