சான்சேருக்கு மரியாதை, கள்ளுக்கு முகச்சுளிப்பு

பிரான்சின் லுவார் ஆற்றங்கரை வெள்ளை வைன்களுக்குப் பேர்போன இடம். அந்த ஆறு கடலோட சேருற பக்கம் மஸ்கடே எண்டொரு வைன். அதை மட்டி, சிப்பியோட குடிக்கோணும் எண்டு சொல்லுவினம். உள்நாட்டுப் பக்கம் போனால் சான்சேர். அதுக்குத் துணை பக்கத்து ஊரான ஷாவிஞோலின் ஆட்டுப்பால் சீஸ். ஒரே மண்ணில வந்த சாப்பாடும் குடியும் ஒண்டுக்கொண்டு பொருந்தும் என்பது அவையின்ட கணக்கு. 1936 தொடக்கம் சான்சேர் எண்ட பேருக்குச் சட்டக் காவலும் இருக்கு. வேற ஊர்க்காரர் அதைத் தங்கட போத்தலில ஒட்ட ஏலாது.

இதையெல்லாம் நாங்கள் மரியாதையாக் கேக்கிறம். லாச்சப்பல் மாமா லீவில வரேக்க கொண்டுவாற போத்தலுக்கு மேசையின்ட நடுவில இடம் இருக்கு. அதே மேசையில கள்ளு எண்டு சொன்னால் முகங்கள் மாறும். ஏன்?

பொருத்தம் எண்டு பாத்தால் எங்கட கணக்கு லுவாரை விட நெருக்கமானது. ஒடியல் கூழை எடுங்கோ. மா பனங்கிழங்கில இருந்து வருது. நண்டும் றாலும் கணவாயும் பக்கத்துக் களப்பிலயும் கடலிலயும் இருந்து வருது. குடிக்கிற பிளா பனையோலை. கள்ளும் அதே பனை. செத்தல்மிளகாய் உறைப்பையும் பழப்புளியையும் உடன்கள்ளின்ட மெல்லிய இனிப்பு தணிக்கும். கொஞ்சம் புளிச்ச மாலைக்கள்ளுக்குப் பொரிச்ச மீனோ கருவாட்டுப் பொரியலோ தோதான துணை. இதை ஆரும் புத்தகத்தில எழுதேல்லை. தவறணைக்குப் போற எல்லாருக்கும் தெரியும்.

தொழில்நுட்பமும் குறைஞ்சதில்லை. பாளையைச் சீவி முட்டி கட்டவேணும். முட்டிக்குள்ள சுண்ணாம்பு பூசினால் கருப்பணி. பூசாட்டில் மதுவம் சீனியைத் திண்டு சில மணித்தியாலத்தில கள்ளாக்கிப்போடும். அடுத்த நாள் அது வினாகிரிப் பக்கம் போகத் தொடங்கும். மஸ்கடேயை மாதக்கணக்கா மதுவ மண்டியோட விட்டு வைக்கிறதை ஒரு கலை எண்டு புகழுவினம். அதே மதுவத்தால கள்ளு கலங்கினால் எங்களுக்கு அது ஊத்தை.

உண்மையில நாங்கள் சுளிக்கிறது கள்ளைப் பாத்தில்லை, அதைச் சீவின கையைப் பாத்து. கள்ளை எல்லாச் சாதியும் குடிச்சது. இழிவு மட்டும் மரத்தில ஏறினவைக்கு. 1968இல மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள்ள போறதுக்கே ஒடுக்கப்பட்ட மக்கள் போராட வேண்டியிருந்தது. கோயில் கதவுகள் திறந்தாலும் அந்தப் பார்வை போகேல்லை. சீவல் தொழிலாளியின்ட பிள்ளை பள்ளிக்கூடத்தில தகப்பன்ர தொழிலைச் சொல்லத் தயங்கினால், அந்தத் தயக்கத்துக்குக் காரணம் நாங்கள்தான்.

'குடியை நியாயப்படுத்திறீங்களோ?' எண்டு கேப்பினம். இல்லை. குடியால உடைஞ்ச வீடுகள் எங்கட ஒழுங்கைகளிலயும் இருக்கு. அதின்ட பாரத்தைச் சுமந்தது அநேகமாப் பெண்கள். குடிக்காதவையைக் குடியுங்கோ எண்டு சொல்ல எங்களுக்கு விருப்பமில்லை. ஆனா குடிக்கு எதிரான கோவம் வைன் போத்தலைக் கண்டு அடங்கி, கள்ளு முட்டியைக் கண்டு மட்டும் எழும்பினால், அதுக்குப் பேர் ஒழுக்கம் இல்லை.

2022இல இலங்கைக் கறுவாவுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின்ட புவிசார் குறியீடு கிடைச்சது. யாழ்ப்பாணத்துப் பனங்கள்ளுக்கும் அப்பிடியொண்டை ஏன் கேக்கக்கூடாது? ஆனா பேர் மட்டும் காணாது. மரத்தால விழுந்தால் குடும்பத்தைத் தாங்கிற காப்புறுதி வேணும், சீவினவைக்கு நியாயமான விலை வேணும். இதுகள் இல்லாமல் கள்ளு ஹோட்டல் மெனுவில ஏறினால், லாபம் வேற ஆருக்கோ போகும், மரத்தில ஏறுறது மட்டும் பழைய ஆக்களாத்தான் இருக்கும்.

சான்சேரைப் பற்றிப் படியுங்கோ, நல்ல விசயம். அதோட உங்கட ஊரில இப்ப எத்தினை பேர் பனை ஏறினம் எண்டும் ஒருக்கா விசாரிச்சுப் பாருங்கோ.