கட்டையை மாற்றினால் துப்பாக்கியின் வகையே மாறுமா? அமெரிக்காவின் ‘பம்ப் ஸ்டாக்’ வழக்கு: ஒரு விளக்கம்

அமெரிக்காவில் வேட்டைத் துப்பாக்கி வாங்குபவர்கள் பலர், முதலில் மாற்றுவது அதன் ஸ்டாக்கைத்தான். ஸ்டாக் என்பது தோளில் பதித்துச் சுடும் கட்டைப் பகுதி. மரக்கட்டை ஈரத்தில் உப்பி, குழலை அழுத்தினால் குறி தவறும். அதனால் ஃபைபர்கிளாஸ் ஸ்டாக்குக்கு மாறுவார்கள். இதில் எந்தச் சர்ச்சையும் இல்லை.

அப்போ பிரச்சினை எங்கே? ‘பம்ப் ஸ்டாக்’ என்ற ஒரே ஒரு வகையில்.

அது என்ன செய்யும்?

சாதாரண ஸ்டாக் அசையாது. பம்ப் ஸ்டாக்கில் துப்பாக்கி முன்னும் பின்னும் நகரும். சுட்டதும் வரும் பின்னுதைப்பே துப்பாக்கியைப் பின்னுக்குத் தள்ள, அசையாமல் இருக்கும் விரலில் விசை மீண்டும் மீண்டும் வந்து மோதும். தேர்ந்த வீரர் ஏஆர்-15 ரகத் துப்பாக்கியால் நிமிடத்துக்கு அதிகபட்சம் 180 முறை சுடலாம். பம்ப் ஸ்டாக் இருந்தால் 400 முதல் 800 முறை. நீதிபதி சோனியா சோட்டோமேயர் தன் தீர்ப்பில் தரும் கணக்கு இது.

2017 அக்டோபர் 1 அன்று லாஸ் வேகாஸ் இசை விழாவில் நடந்தது இதுதான். சுமார் 10 நிமிடங்களில் 1,000-க்கும் அதிகமான தோட்டாக்கள். பின்னர் காயங்களால் இறந்தவர்களையும் சேர்த்து 60 பேர் பலி.

தடை வந்தது, போனது

1934 சட்டப்படி, ‘விசையின் ஒரே இயக்கத்தில்’ தானாகவே ஒன்றுக்கு மேற்பட்ட தோட்டாக்களைச் சுடுவது இயந்திரத் துப்பாக்கி. 1986-க்குப் பிறகு பொதுமக்களுக்காகப் புதிதாக அதைத் தயாரிக்கவே முடியாது. பம்ப் ஸ்டாக்கும் இந்த வரையறைக்குள் வரும் என்று 2018 டிசம்பரில் ட்ரம்ப் அரசு விதி போட்டது. ஆனால் அதே துறைதான் அதற்கு முன் பலமுறை ‘வராது’ என்று சொல்லியிருந்தது.

டெக்சாஸ் துப்பாக்கிக் கடைக்காரர் மைக்கேல் கார்கில் வழக்குப் போட்டார். 2024 ஜூன் 14 அன்று உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் அந்த விதியை ரத்து செய்தது. ஒவ்வொரு தோட்டாவுக்கும் விசை ஒருமுறை இயங்குகிறது, அதனால் இது இயந்திரத் துப்பாக்கி அல்ல என்றார் நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ். சுடுபவர் விசையை அழுத்துவது ஒருமுறைதானே என்று கேட்டது சோட்டோமேயரின் மாறுபட்ட தீர்ப்பு.

கவனிக்க வேண்டியது

துப்பாக்கி வைத்திருக்கும் அரசியல் சாசன உரிமை பற்றிய தீர்ப்பு அல்ல இது. ஒரு சட்டச் சொல்லுக்கு என்ன பொருள் என்பது மட்டுமே கேள்வி. நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தலாம் என்று பெரும்பான்மைப் பக்கம் நின்ற நீதிபதி சாமுவேல் அலிட்டோவே எழுதினார். நான்கே நாளில் செனட்டில் அப்படி ஒரு முயற்சி நடந்தது. ஒரு உறுப்பினரின் ஆட்சேபத்தில் அது நின்றுபோனது. கலிஃபோர்னியா, நெவாடா, ஃப்ளோரிடா போன்ற மாநிலங்களின் சொந்தத் தடைச் சட்டங்களை இந்தத் தீர்ப்பு தொடவில்லை.

லாஸ் வேகாஸுக்குப் பிறகு சட்டம் இயற்றுவதைவிட விதி போடுவது சுலபமாக இருந்தது. ஆனால் நாடாளுமன்றம் செய்ய வேண்டிய வேலையை ஒரு துறையின் அறிவிக்கை செய்தால், அது அடுத்த வழக்கு வரைக்கும்தான் தாங்கும். இந்த விதி தாங்கியது சுமார் ஐந்தரை ஆண்டுகள்.