குழாய் மாறியது, எர்த் போனது

புதிய மின் இணைப்பு கேட்பவர், ஆர்சிடி எனப்படும் மின்கசிவுத் தடுப்புக் கருவியைப் பொருத்தியாக வேண்டும் என்கிறது தமிழ்நாட்டு மின்விதி. நல்லது. ஆனால், இணைப்பு வாங்கி இருபது வருடம் கழித்து, சமையலறையை இடித்து மாடுலர் கிச்சன் போடும் வீட்டை யார் எட்டிப் பார்க்கிறார்கள்? கொத்தனார் வருகிறார், பிளம்பர் வருகிறார், எல்லாம் முடிந்த பிறகு சுவிட்ச் மாட்ட ஒயர்மேன் வருகிறார். இந்த வரிசையிலேயே வில்லங்கம் இருக்கிறது.

பழைய வீடுகள் பலவற்றில் எர்த் குழி என்று தனியாக எதுவும் கிடையாது. மண்ணுக்குள் இறங்கும் ஜிஐ எனப்படும் இரும்புத் தண்ணீர்க் குழாயில் ஒரு கம்பியைச் சுற்றி, அதையே எர்த் என்று விட்டிருப்பார்கள். எர்த்திங்குக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 3043 இதை ஏற்பதில்லை. குழாய்க்கு எர்த் வேண்டும்; குழாயே எர்த் ஆகக் கூடாது.

புதுப்பிக்கும்போது பிளம்பர் ஜிஐயைக் கழற்றி சிபிவிசி பிளாஸ்டிக் குழாய் போடுகிறார். கம்பி சுற்றிய துண்டு பழைய இரும்புக் கடைக்குப் போகிறது. வீட்டின் எர்த்தும் கூடவே போய்விட்டது. பிரிட்ஜ் ஓடும், கீசர் சுடும், எந்த விளக்கும் அணைந்து காட்டிக்கொடுக்காது.

பிறகு வரும் ஒயர்மேன்களில் சிலர் செய்வது இன்னும் மோசம். பிளக் பாயின்ட்டுக்குள்ளேயே எர்த் முனையை நியூட்ரலோடு சேர்த்து முறுக்கிவிடுகிறார்கள். டெஸ்ட் லாம்ப் எரியும், வீட்டுக்காரருக்குத் திருப்தி. வெளியே நியூட்ரல் அறுந்தால் பிரிட்ஜின் இரும்பு உடம்பு முழுக்க கரண்ட் ஏறும்.

‘எம்சிபிதான் இருக்கிறதே’ என்பார்கள். அளவுக்கு மீறிக் கரண்ட் பாய்ந்தால் தானே விழும் சுவிட்ச்தான் எம்சிபி; அது காப்பது ஒயரை, ஆளை அல்ல. கீசருக்குப் போடும் 16 ஆம்பியர் எம்சிபி, அந்த அளவைத் தாண்டினால்தான் விழும். ஆளைக் காக்கும் ஆர்சிடியோ 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே விழும். ஒன்று 16,000, மற்றது 30. ஐந்நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். உயிரைப் பறிக்க 100 மில்லி ஆம்பியர் போதும், எம்சிபி அதைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. டைல்ஸ் கடை வாசல்தோறும் இந்தக் கணக்கை எழுதி வைக்கலாம்.

ஆர்சிடி போட்டுவிட்டால் எர்த் எதற்கு என்று கேட்கும் அரைகுறை மேதாவிகளும் உண்டு. எர்த் இருந்தால், கசிவு மண்ணுக்குப் பாய்ந்து கருவி உடனே விழும். இல்லாவிட்டால் யாராவது தொடும்வரை கசிவு காத்திருக்கும். தொட்டவர் உடல் வழியே பாய்ந்த பிறகே கருவி விழும். அதாவது, பாத்திரம் கழுவுகிறவரின் ஈரக்கைதான் டெஸ்டர்!

குழாய் முழுக்க பிளாஸ்டிக் என்றால் அதற்கு எர்த் தேவையில்லை என்பது உண்மை. ஆனால், இரும்புக் குழாய் உள்ளே நுழையும் வீடுகளில் அதைத் தடித்த செம்புக் கம்பியால் எர்த் கம்பிகள் ஒன்றுசேரும் எர்த் பாரோடு இணைத்தாக வேண்டும். ஒரு கை குழாயிலும் மறு கை பிரிட்ஜிலும் இருக்கும்போது இரண்டுக்கும் நடுவே மின்னழுத்த வேறுபாடு இருக்கக் கூடாது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில், 2021-இல் மட்டும் மின்சாரம் தாக்கி இறந்தவர்கள் 12,500-க்கும் மேல். அதில் சமையலறைச் சாவு எத்தனை என்று அந்த அறிக்கை பிரித்துச் சொல்லவில்லை. சொல்லும்வரை காத்திருக்கவும் வேண்டாம். உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் எர்த்தை அளந்து கையெழுத்துப் போடாமல் எந்தச் சமையலறை வேலையும் முடிந்ததாகக் கணக்கில் வரக் கூடாது. கையெழுத்தில்லாத வீட்டில் உயிர் போனால், வேலை எடுத்தவர் மீது நேராகக் கிரிமினல் வழக்கு; சிம்னி விற்ற கடைக்காரரையும் சேர்த்தே விசாரிக்கலாம்.