ஆக்கிரமிப்பா, அனுமதித்த தங்கலா? பேராக் வரலாறு தரும் விடை

அயல்நாட்டுப் படை ஒரு மண்ணில் நிற்பதாலேயே அது இராணுவ ஆக்கிரமிப்பு ஆகிவிடாது. 1907-ஆம் ஆண்டின் ஹேக் விதிகளில் 42-ஆம் விதி இதற்கு ஓர் அளவுகோல் தருகிறது: எதிரிப் படையின் அதிகாரத்தின்கீழ் உண்மையாகவே வந்துவிட்ட நிலப்பகுதியே ஆக்கிரமிக்கப்பட்ட பகுதி, அந்த அதிகாரம் செல்லுபடியாகும் எல்லை வரைதான் ஆக்கிரமிப்பும் நீளும். ஆகவே, இரண்டு நிபந்தனைகள் சேர வேண்டும். அந்த மண்ணுக்குரிய அரசின் இசைவு இருக்கக் கூடாது. நடைமுறையில் ஆளும் அதிகாரம் படையின் கைக்கு வந்திருக்க வேண்டும். இசைவோடு வந்த படை எத்தனை ஆயிரம் பேராக இருந்தாலும், அது அயல்மண்ணில் தங்கும் படையே. இருபது ஆண்டுகளுக்குள் இந்த நிலைகள் அனைத்தையும் கண்ட மலாயா மாநிலம் பேராக்.

1941 டிசம்பர் இறுதியில் ஜப்பானியப் படை பேராக்கின் ஈப்போ நகரைப் பிடித்தது. ஏறத்தாழ 40 கி.மீ. தெற்கே கம்பாரில், டிசம்பர் 30 முதல் ஜனவரி 2 வரை, 11-ஆவது இந்தியப் படைப்பிரிவு எதிர்த்து நின்றது. அந்த நாள்களில் கம்பார் போர்க்களம்; ஈப்போவோ ஜப்பானியர் கட்டளைக்குக் கீழ்ப்படியத் தொடங்கிவிட்ட நகரம். சிங்கப்பூர் சரணடைந்த 1942 பிப்ரவரி 15 வரை காத்திருந்துதான் மலாயாவில் ஆக்கிரமிப்பு தொடங்கியது என்று சொல்ல வேண்டியதில்லை. ஆக்கிரமிப்புச் சட்டம் ஊர் ஊராக, அதிகாரம் கைமாறிய வரிசையில் நடைமுறைக்கு வருகிறது.

பேராக் காடுகளில் மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படை போர் முடியும் வரை இயங்கியது. அதனால் ஆக்கிரமிப்பு நின்றுவிட்டதாக ஆகாது. பிணைக்கைதிகள் வழக்கில் நியூரம்பெர்க் இராணுவ நீதிமன்றம் 1948-இல் இதைத் தெளிவாக்கியது: கிளர்ச்சியாளர்கள் சில இடங்களைத் தற்காலிகமாகப் பிடித்திருந்தாலும், ஆக்கிரமித்த படை விரும்பிய நேரத்தில் அங்கே தன் அதிகாரத்தை நிலைநாட்ட முடியுமானால் ஆக்கிரமிப்பு தொடர்கிறது.

ஆக்கிரமித்த படைக்கு ஆளும் பொறுப்பு உண்டு, இறையாண்மை இல்லை. 43-ஆம் விதிப்படி அது பொது அமைதியைக் காக்க வேண்டும். தவிர்க்கவே முடியாத நிலை இருந்தாலொழிய, நடைமுறையிலுள்ள சட்டங்களை மதிக்க வேண்டும். 1943-இல் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு ஆகிய நான்கு மாநிலங்களையும் ஜப்பான் தாய்லாந்துக்குக் கொடுத்தது இந்த அடிப்படைக்கே முரணானது. தனக்குச் சொந்தமில்லாத மண்ணை எவரும் மற்றவருக்கு எழுதிக்கொடுக்க முடியாது. தனியார் சொத்துக்கும் இதே தர்க்கம்தான். சுமத்ராவில் ஜப்பானியர் எடுத்த எண்ணெய் குறித்த வழக்கில், நிலத்தடியில் இருந்த கச்சா எண்ணெயைப் போர்த் தளவாடமாகக் கருதிப் பறிமுதல் செய்ய முடியாது என்று சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1956-இல் தீர்ப்பளித்தது. ஜப்பானிய ‘வாழைமர நோட்டு’ 1945-இல் ஒரே நாளில் வெறும் காகிதமானது. அந்த நோட்டில் அடைக்கப்பட்ட போருக்கு முந்திய கடன்கள் தீர்ந்தவையா என்ற கேள்வி செட்டியார் கிட்டங்கிகள் முதல் வங்கிகள் வரை எல்லோரையும் வாட்டியது. 1948-இல் இதற்கென்றே தனிச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று.

மக்களின் உழைப்பைப் பொறுத்த விதிகளே இவற்றுள் மிக முக்கியமானவை. 415 கி.மீ. நீளமுள்ள சயாம் மரண ரயில் பாதைக்கு மலாயாவிலிருந்து 70,000-க்கும் மேற்பட்டோர் கொண்டுபோகப்பட்டனர். பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். நல்ல சம்பளம், குறுகிய காலம் என்ற வாக்கை நம்பி ரயிலேறியவர்களும் உண்டு; லயங்களிலிருந்து வலுக்கட்டாயமாகப் பிடித்துச் செல்லப்பட்டவர்களும் உண்டு. ஹேக் 52-ஆம் விதி, படையின் தேவைக்கு அளவோடு வேலை வாங்க அனுமதித்தது; சொந்த நாட்டுக்கு எதிரான போர்ச் செயல்களில் மக்களை ஈடுபடுத்துவதைத் தடுத்தது. ஆனால், வேலைக்காக மக்களை நாடு கடத்துவதை அது வெளிப்படையாகத் தடை செய்யவில்லை. அந்த ஓட்டையை 1949-ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா உடன்படிக்கை அடைத்தது. அதன் 49-ஆம் பிரிவு கட்டாய நாடு கடத்தலைத் தடை செய்கிறது. 51-ஆம் பிரிவு, ஆக்கிரமிக்கப்பட்ட பகுதிக்குள் மட்டுமே வேலை வாங்கலாம், அதுவும் 18 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் மட்டுமே என்கிறது. இந்தப் பிரிவுகள் காக்க முனைவது, சயாமிலிருந்து திரும்பாத அந்தத் தொழிலாளர்களைப் போன்றவர்களைத்தான்.

1945 செப்டம்பர் முதல் 1946 மார்ச் வரை நடந்த பிரிட்டிஷ் இராணுவ நிர்வாகமும் சீருடை அணிந்தவர்களின் ஆட்சியே. ஆனால் அது எதிரியின் ஆட்சி அன்று. போருக்கு முன் அதிகாரம் செலுத்திய தரப்பு திரும்பி வந்து அமைத்த இடைக்கால ஏற்பாடு. காலனியாதிக்கத்தின் நியாயம் வேறு விவாதம். ஹேக் விதிகள் சொல்லும் ஆக்கிரமிப்பு அங்கே இல்லை.

1948 ஜூனில் சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியர் கொல்லப்பட்டதை அடுத்து அவசரகாலம் வந்தது. 1950-இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தின்கீழ் நாடெங்கும் சுமார் 5 லட்சம் பேர் குடிபெயர்க்கப்பட்டனர். ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட் புதுக்கிராமம் அந்தக் காலத்தின் படைப்பு. புதுக்கிராமங்களைச் சுற்றி முள்வேலி, இரவில் ஊரடங்கு, அரிசிக்குப் பங்கீடு. விடியலில் மரம் வெட்டப் போகிறவர்கள் காட்டிலுள்ள கம்யூனிஸ்ட் கிளர்ச்சியாளர்களுக்குச் சோறு கொண்டுபோகிறார்களா என்று வாயிலில் சோதிக்கப்பட்டார்கள். தோட்டங்களிலும் சிதறிக் கிடந்த லயங்கள் ஒரே இடத்தில் குவிக்கப்பட்டன. அன்றாட வாழ்வில் இது ஆக்கிரமிப்பைப் போலவே கனத்தது. எனினும், இதற்கு அதிகாரம் தந்தது நாட்டுக்குள் இயற்றப்பட்ட அவசரகால ஒழுங்குமுறைகள். அங்கே வழக்காடியவர் ஹேக் விதிகளைக் காட்ட முடியாது. அந்த ஒழுங்குமுறைகளின் வரம்பைத்தான் கேள்வி கேட்க முடியும்.

1957 ஆகஸ்டு 31-இல் நாடு விடுதலை பெற்றது. பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகள் பேராக் காடுகளில் தொடர்ந்து இயங்கின. அதே ஆண்டு அக்டோபரில் கையெழுத்தான ஆங்கிலோ-மலாயா தற்காப்பு ஒப்பந்தம் அவற்றின் இருப்புக்குப் புதிய அடிப்படை தந்தது: சுதந்திர நாட்டின் இசைவு. வந்து தங்கும் படைவீரர் குற்றம் செய்தால் யார் விசாரிப்பது என்பதை 1960-ஆம் ஆண்டின் வருகைப் படைகள் சட்டம் வகுத்தது. 1971-இல் ஐந்து நாடுகளின் தற்காப்பு ஏற்பாடு பழைய ஒப்பந்தத்தின் இடத்தைப் பிடித்தது. பட்டர்வொர்த் விமானத் தளம் 1988-இல் மலேசியாவிடம் ஒப்படைக்கப்பட்டது; இசைவின்பேரில் ஆஸ்திரேலியர் அங்கே தங்குவது தொடர்ந்தது. தளம் யாருடையது, யாருடைய சட்டம் செல்லும், போகச் சொன்னால் போக வேண்டுமா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை விருந்தோம்பும் அரசின் பக்கமே இருக்கிறது.

இசைவு உண்மையானதாக இருக்க வேண்டும். படைபலத்தைக் காட்டி மிரட்டிப் பெற்ற உடன்படிக்கை செல்லாது என்று 1969-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை 52-ஆம் பிரிவில் சொல்கிறது. கொடுத்த இசைவைத் திரும்பப் பெறவும் முடியும். 1987 ஜூலை 29-ஆம் நாள் ஒப்பந்தப்படி இந்திய அமைதி காக்கும் படை இலங்கைக்குப் போனது. 1989 ஜூன் 1-இல் அதிபர் பிரேமதாசா அதை ஜூலை இறுதிக்குள் வெளியேறச் சொன்னார். செப்டம்பரில் இரு அரசுகளும் வெளியேற்றத்துக்கான காலவரையறையை ஒப்புக்கொண்டன. கடைசி வீரர்கள் 1990 மார்ச் 24-இல் கப்பலேறினர். ஜூலைக் கெடுவுக்கும் செப்டம்பர் உடன்பாட்டுக்கும் இடைப்பட்ட வாரங்களில் அந்தப் படையின் நிலை என்ன என்பது உண்மையான சட்டச் சிக்கல். ஒப்பந்தம் முடிந்த பிறகும் தங்குவதை வலுச்சண்டைச் செயல்களுள் ஒன்றாக ஐ.நா. பொதுச் சபையின் 3314-ஆம் தீர்மானம் (1974) எண்ணுகிறது. அப்போதும் அது தானாக ஆக்கிரமிப்பு ஆகிவிடாது. ஆளும் அதிகாரம் கைமாறியதா என்று தனியே பார்க்க வேண்டும். காங்கோ–உகாண்டா வழக்கில் பன்னாட்டு நீதிமன்றம் 2005-இல் இப்படித்தான் பிரித்தது. காங்கோ 1998 ஆகஸ்டிலேயே இசைவைத் திரும்பப் பெற்றுவிட்டது என்று கண்ட நீதிமன்றம், உகாண்டா தன் அதிகாரத்தை நிலைநாட்டிய இத்தூரியை மட்டுமே ஆக்கிரமிக்கப்பட்ட பகுதி என்றது.

ஆகவே, வழக்கை எடுப்பவர் முதலில் இசைவைத் தேட வேண்டும்: யார் கொடுத்தது, எந்த வரம்போடு, எந்த நாள் வரை. அடுத்து அதிகாரத்தை: வரி வாங்கியது யார், நீதிமன்றத்தை நடத்தியது யார், மக்களின் நடமாட்டத்துக்குச் சீட்டு கொடுத்தது யார். இந்த வகைப்பாடு படையின் நடத்தைக்கு நற்சான்றும் அன்று, கண்டனமும் அன்று. அழைத்துவந்த படையும் கொடுமை செய்யலாம். அதற்கு மனித உரிமைச் சட்டமும் உள்நாட்டுச் சட்டமும் பதில் சொல்ல வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு எந்தச் சட்டம் துணை நிற்கும் என்பதை முடிவு செய்வது இந்த வகைப்பாடுதான். அதைத் தவறாகச் செய்தால், நியாயமான முறையீடும் தவறான கதவைத் தட்டித் திரும்பிவிடும்.