இரண்டு நிமிட வேலை

எங்கள் தொழிலில் ஒரு வியாதி உண்டு. ஒரே வேலையை மூன்றாவது முறை கையால் செய்ய நேர்ந்தால் கை அரிக்கும், ஸ்கிரிப்ட் எழுதிவிடுவோம். அலுவலகத்தில் அது சரிதான். வீட்டில் ஏழு மீன் தொட்டி வைத்திருப்பவன் அதையே செய்யலாமா? செய்தேன்.

மதுரை வீட்டிலிருந்தே வேலை பார்த்த காலம். தொட்டிக்கு ஒரு சர்வோ மோட்டார், ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பா, எல்லாவற்றுக்கும் தலையாக ஓர் இ.எஸ்.பி. 32. காலை எட்டு, மாலை ஆறு. போனில் ஏழு பச்சைப் புள்ளிகள். அதுவரை இரை போட்டுவந்தவர் அப்பா. ரிட்டயர் ஆன மனிதருக்கு உபகாரம் செய்வதாக நிஜமாகவே நம்பினேன்.

ஐப்பசி மழையில் ஒரு டப்பாவில் இரை ஈரம் குடித்துக் கட்டியாகி வாயை அடைத்துக்கொண்டது. மோட்டார் சுற்றியது, புள்ளியும் பச்சையாகவே இருந்தது. சில நாள் கழித்துக் கட்டி உடைந்து டப்பாவில் இருந்தது மொத்தமும் தொட்டியில் விழுந்தது. தின்னாத இரை அழுகினால் அம்மோனியா. அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டர் பஞ்சில் குடியிருக்கின்றன. அவை தினசரி அளவுக்குப் பழகியவை, திடீர் விருந்துக்கு அல்ல. தண்ணீர் பால் மாதிரி வெளுத்தது. ஏஞ்சல் மீன்கள் ஒன்பதும் போயின.

"ரெண்டு மூணு நாளா நான் பக்கத்துல போனாலே எல்லாம் மேல வந்து வாயைத் தெறந்துக்கிட்டு நின்னுச்சுடா. மெஷின்தான் போடுதே, எதுக்கு நிக்குதுங்கன்னு நெனச்சேன்" என்றார் அப்பா. குரலில் குற்றச்சாட்டே இல்லை. அதுதான் உறுத்தியது.

நண்பர்களிடம் சொன்னால் உடனே சென்சார் வை, கேமரா வை, டப்பாவுக்கு எடைக்கருவி வை என்கிறார்கள். வைக்கலாம், எனக்கும் தெரியும். 2016ல் அமெரிக்காவில் பெட்நெட் நிறுவனத்தின் சர்வர் விழுந்து, வீட்டு நாய் பூனைகளுக்குத் தட்டில் சாப்பாடு விழாமல் போனது. 2020ல் மறுபடியும் விழுந்தது. அவர்களிடம் பொறியாளர்கள் இல்லாமலா?

என் வாதம் கருவி பழுதாகும் என்பதல்ல. கருவி சரியாக ஓடினாலும் தப்புதான். இரை போடும் இரண்டு நிமிடத்தில் போடுவது பத்து விநாடி, மிச்சமெல்லாம் பார்ப்பது. எது இரைக்கு வரவில்லை, எது துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நிற்கிறது, எதன் மேல் உப்புத் தூள் மாதிரி வெள்ளைப் புள்ளி. நோய் வந்த மீன் பெரும்பாலும் முதலில் விடுவது சாப்பாட்டை. நான் பத்து விநாடியை மிச்சம் பிடித்து அந்த மிச்சத்தைத் தூக்கி எறிந்திருந்தேன்.

மீன் தன் முட்டைகளைப் பார்வையாலேயே பொரிக்கும் என்று மீனாட்சி பெயருக்கு எங்கள் ஊரில் விளக்கம் சொல்வார்கள். உயிரியல்படி தப்பு. ஏஞ்சல் மீன் முட்டைக்குப் பக்கத்திலேயே நின்று துடுப்பால் விசிறிக்கொண்டிருக்கும். ஆனால் கதை கட்டியவர் ஏதோ ஒரு குளக்கரையில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருக்கிறார் என்பது மட்டும் நிச்சயம்.

'ஊருக்குப் போனா என்ன பண்றது?' ஒன்றும் பண்ண வேண்டாம். ஆரோக்கியமான வளர்ந்த மீன் ஒரு வாரம் இரையில்லாமல் இருக்கும். அதற்கு மேல் போனால் நாளுக்கு ஒரு பொட்டலமாக மடித்துப் பக்கத்து வீட்டில் கொடுங்கள். பெரிய டப்பாவை மட்டும் ஒளித்துவைத்துவிடுங்கள், பாசத்தில் அள்ளிப் போட்டுவிடுவார்கள். குஞ்சுகளுக்கு நாளைக்குப் பல வேளை போட வேண்டும். கொளத்தூர் மாதிரி இடங்களில் மொத்தமாக வளர்ப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. தானியக்கம் செய்தே தீருவேன் என்றால் காற்று மோட்டாருக்கு பேட்டரி வையுங்கள். 2012 மின்வெட்டை மதுரையில் கழித்தவர்களுக்கு அதைச் சொல்லவே வேண்டாம்.

சர்வோக்கள் ஏழும் இப்போது அலமாரியில். நேற்றுக் காலை மீட்டிங்கில் இருந்தபோது அப்பா கதவைத் தட்டினார். "மூணாவது தொட்டில ஒரு கப்பி வாலைச் சுருட்டிக்கிட்டு நிக்குது. கல்லுப்பு கொஞ்சம் போடவா?" மைக்கை அணைத்துவிட்டு எழுந்து போனேன்.