நீட் கிடைக்கலைன்னா மைக்ரோபயாலஜியா? அடி அண்ணாமலை அண்டா சொல்லும் வேறு பதில்

பௌர்ணமி இரவு. திருவண்ணாமலை கிரிவலப் பாதை மொத்தம் 14 கிலோமீட்டர். அதில் ஏறக்குறைய பாதி நடந்து, மலைக்குப் பின்பக்கம் இருக்கும் அடி அண்ணாமலைக்கு வரும்போது பலருக்குக் கால் வலிக்கும், வயிறு பசிக்கும். ரோட்டோரத்தில் ஒரு குடும்பம் தொன்னையில் சாம்பார் சாதம் கொடுக்கும். நாலு அடி தள்ளி இன்னொருவர் புளியோதரை கொடுப்பார். பக்கத்திலேயே தண்ணீர் கேன். வாங்கிச் சாப்பிட்டுவிட்டு "அரோகரா" சொல்லி எல்லோரும் நடையைத் தொடர்வார்கள்.

அந்த அண்டாவில் சாயங்காலம் 6 மணிக்கு வெந்த சாம்பார் சாதத்தை நள்ளிரவு 1 மணிக்கும் சாப்பிடலாமா? கேனில் இருக்கும் தண்ணீர் சுத்தமானதா? இதற்குப் பதில் சொல்லவே ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது. அதுதான் பி.எஸ்சி மைக்ரோபயாலஜி, தமிழில் நுண்ணுயிரியல். ஆனால் பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் பல வீடுகளில் இந்தப் படிப்பின் பெயர் அடிபடுவது வேறு காரணத்துக்காக.

"நீட் மார்க் பத்தல. இப்போதைக்கு மைக்ரோபயாலஜில சேர்ந்துக்கோ கண்ணு, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

இந்த ஒரு வாக்கியம்தான் படிப்பையும் அதைப் படிப்பவர்களையும் ஒருசேரக் கெடுக்கிறது.

ஆஸ்பத்திரிக்குப் பின்கதவு கிடையாது

மைக்ரோபயாலஜியில் சேரும் பலரின் மனதில் இருக்கும் படம் ஒன்றுதான்: வெள்ளைக் கோட்டு, மைக்ரோஸ்கோப், ஆஸ்பத்திரி லேப். டாக்டர் ஆக முடியாவிட்டாலும் டாக்டருக்குப் பக்கத்திலாவது இருக்கலாம் என்ற நம்பிக்கை. கொரோனா காலத்தில் ஆர்டி-பிசிஆர் லேப்களில் மைக்ரோபயாலஜி பட்டதாரிகளுக்கு வேலை கிடைத்தது அந்த நம்பிக்கையை இன்னும் வளர்த்தது. பெருந்தொற்று அடங்கியதும் அந்த லேப்களின் தேவையும் சுருங்கிப்போனது.

விதிகள் சொல்வது வேறு. அரசு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன் ஆக, மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் கேட்பது மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பப் படிப்பை. பி.எஸ்சி மைக்ரோபயாலஜி அதற்கு மாற்று இல்லை. தனியாக லேப் வைத்து ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடலாமா என்றால், அதுவும் முடியாது. மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்த, நோய்க்குறியியலில் முதுகலை முடித்த டாக்டர்தான் லேப் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட முடியும் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சின்ன ஊர்களின் தனியார் லேப்களில் வேலை கிடைக்கலாம். ஆனால் அங்கே மேலே ஏறுவதற்கான படி குறைவு. இந்த உண்மை பலருக்கு மூன்றாவது வருஷம்தான் தெரியவருகிறது. அட்மிஷன் நாளிலேயே சொல்லியிருக்க வேண்டிய விஷயம் இது.

அப்படியென்றால் இந்தப் படிப்பு எதற்கு?

திரும்பவும் அந்த அண்டாவுக்கு வருவோம். பச்சரிசியோ புழுங்கலரிசியோ, அதில் பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்க வாய்ப்பு உண்டு. கொதிக்க வைத்தாலும் இந்த வித்துகளில் சில சாகாமல் தப்பிக்கும். சோறு 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகவே இருந்தால் பிரச்சினை இல்லை. வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் இருந்தால் வித்து முளைத்து, பாக்டீரியா பெருகி, வாந்தியை வரவழைக்கும் நச்சு உருவாகலாம். திரும்பச் சூடு பண்ணினாலும் அந்த நச்சு போகாது.

பக்கத்திலிருக்கும் புளியோதரைக்கு இந்த ஆபத்து குறைவு. புளியின் அமிலத்தில் இந்த பாக்டீரியா பெருகுவது கஷ்டம். பயணத்துக்குப் புளிச்சோறு கட்டிக்கொடுத்த பாட்டிக்குத் தெரிந்த விஷயத்துக்குக் காரணம் சொல்வதுதான் மைக்ரோபயாலஜி.

அடுத்தது தண்ணீர். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500. அதன்படி 100 மில்லி தண்ணீரில் ஒரு ஈ.கோலை பாக்டீரியாகூட இருக்கக் கூடாது. மனிதக் கழிவோ மாட்டுக் கழிவோ தண்ணீரில் கலந்திருக்கிறதா என்பதற்கு அதுதான் சாட்சி. மைக்ரோபயாலஜி மாணவர்கள் லேபில் வரிசையாக டியூப் அடுக்கிச் செய்யும் சோதனையும் இதே கேள்விக்கான பதில்தான். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு 5 பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, கையடக்கக் கிட் மூலம் தண்ணீரைச் சோதிக்க வைக்கிறார்கள். கிட்டில் தெரியும் சந்தேகத்தை உறுதி செய்ய ஆய்வகமும், அங்கே வேலை தெரிந்த ஆளும் வேண்டும்.

திருவண்ணாமலை பால் மாவட்டமும்கூட. பால் எவ்வளவு சுத்தம் என்று பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. பாலில் மெத்திலீன் ப்ளூ என்ற நீலச் சாயத்தைச் சேர்த்து வைப்பார்கள். பாக்டீரியா அதிகமாக இருந்தால் நிறம் சீக்கிரம் போய்விடும். 5 மணி நேரம் தாங்கினால் மிக நல்ல பால், அரை மணிக்குள் வெளுத்தால் மோசமான பால்.

இந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலையிலும் மைக்ரோபயாலஜிக்கு வேலை இருக்கிறது. ஈரத்தோடு மூட்டை கட்டினால் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை வளரும், அஃப்லாடாக்சின் நச்சு சேரும். நேரடியாகச் சாப்பிடும் கடலையில் இந்த நச்சு கிலோவுக்கு 4 மைக்ரோகிராமைத் தாண்டினால் ஐரோப்பிய ஒன்றியம் ஏற்காது. ஒரு விவசாயியின் மூட்டைக்கு என்ன விலை என்பதையே கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சை முடிவு செய்கிறது.

வரலாறும் இதைத்தான் சொல்கிறது

1884-இல் ராபர்ட் கோக் கொல்கத்தாவில் காலரா கிருமியைத் தேடியபோது, நோயாளிகளின் உடலில் மட்டுமல்ல, அவர்கள் புழங்கிய குளத்துத் தண்ணீரிலும் அது இருந்தது. அதே கொல்கத்தாவில் 1959-இல் காலராவுக்குக் காரணம் அந்தக் கிருமி வெளியிடும் நச்சுதான் என்று காட்டியவர் சம்பு நாத் டே. சென்னை கிண்டியில் 1899-இல் தொடங்கிய கிங் இன்ஸ்டிடியூட்டின் முதல் வேலை அம்மைத் தடுப்பூசி தயாரிப்பது.

இந்தத் துறையின் வேர் ஆஸ்பத்திரி வார்டில் மட்டும் இல்லை. குளம், கூட்டம், சோறு, பால் என்று ஊருக்குள்தான் அது பரவிக் கிடக்கிறது. நோய் வந்தபின் பார்ப்பது மருத்துவம். நோயே வராமல் பார்ப்பதில் பெரிய பங்கு நுண்ணுயிரியலுக்கு.

வேலைக் கதவு எங்கே திறக்கும்?

உணவுப் பாதுகாப்பு அலுவலர் பதவிக்கு 2011-ஆம் ஆண்டு விதிகள் ஏற்கும் பட்டங்களில் மைக்ரோபயாலஜி பெயரோடு இருக்கிறது. கார்த்திகை தீபத்துக்கு அன்னதானம் போடுபவர்கள் அனுமதி வாங்க வேண்டியது இந்த அலுவலர்கள் இருக்கும் துறையிடம்தான். அதாவது ஆஸ்பத்திரி லேபில் மூடியிருக்கும் கதவு, அடி அண்ணாமலை ரோட்டில் சட்டப்படியே திறந்திருக்கிறது.

கேன் தண்ணீர் கம்பெனிகள், பால் பண்ணைகள், மருந்து ஆலைகள், ஏற்றுமதி உணவு ஆலைகள், உயிர் உரக் கூடங்கள் எல்லாவற்றுக்கும் நுண்ணுயிர்ச் சோதனை தேவை. 2024 நவம்பரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், பாட்டில் மற்றும் கேன் குடிநீரை அதிக ஆபத்துள்ள உணவு வகையில் சேர்த்தது. சோதனைகளின் தேவை இனி கூடத்தான் செய்யும்.

இதற்காக எல்லாம் இனிமை என்று சொல்லிவிட முடியாது. அலுவலர் பணியிடங்கள் குறைவு, அறிவிப்பு எப்போதாவதுதான் வரும். கம்பெனிகளில் ஆரம்பச் சம்பளமும் சாதாரணம்தான். ஆராய்ச்சிக்குப் போக பெரும்பாலும் எம்.எஸ்சி தேவை. அதற்குப் பிறகு நெட் மாதிரியான தேர்வுகள் காத்திருக்கின்றன. மூன்று வருஷத்தில் செட்டில் ஆக வேண்டும் என்று நினைக்கிற குடும்பத்துக்கு இது சரிவராமல் போகலாம். அதையும் முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

கல்லூரிகள் செய்ய வேண்டியது

பாடத்திட்டத்தில் குறை குறைவு. உணவு, பால், மண், தண்ணீர் எல்லாமே அதில் வருகின்றன. பிரச்சினை, பல இடங்களில் அவை புத்தகத்தோடு நின்றுபோவதுதான். லேபில் வளர்த்த கிருமியை லேபிலேயே பார்த்து, ரெக்கார்டு நோட்டில் வரைந்து, கையெழுத்து வாங்கினால் முடிந்தது.

திருவண்ணாமலை மாதிரி ஊரில் இதை மாற்றுவதற்குப் பெரிய செலவு ஆகாது. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் மாணவர்கள் கிரிவலப் பாதையின் குடிநீர்க் குழாய்களில் மாதிரி எடுக்கலாம். அன்னதானம் போடுபவர்களிடம் போய், சாதம் எவ்வளவு நேரத்துக்குள் தீர வேண்டும் என்று புரிய வைக்கலாம். முடிவுகளை உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் ஊராட்சிக்கும் கொடுக்கலாம். பக்தருக்குப் பாதுகாப்பு, மாணவருக்கு உண்மையான அனுபவம். இன்டர்வியூவில் "என்ன செய்திருக்கிறாய்?" என்று கேட்டால் சொல்ல ஒரு கதையும் இருக்கும்.

சேரும் முன் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

* லேபில் ஒவ்வொரு மாணவரும் தன் கையால் சோதனை செய்கிறாரா, இல்லை கூட்டமாக நின்று பார்ப்பது மட்டும்தானா?
* ஆட்டோகிளேவ், இன்குபேட்டர், லாமினார் ஃப்ளோ ஆகியவை வேலை செய்யும் நிலையில் இருக்கின்றனவா?
* உணவு ஆலை, பால் பண்ணை, தண்ணீர் ஆய்வகம் என ஏதாவது ஒன்றில் இன்டர்ன்ஷிப் உண்டா?
* கடந்த மூன்று பேட்ச் மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?

நாலாவது கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால் வேறு கல்லூரி பார்ப்பது நல்லது.

நீட் எழுத ஆசை இருப்பவர் தாராளமாக எழுதலாம். ஆனால் ஒரு பட்டப்படிப்பு பஸ் ஸ்டாண்ட் பெஞ்ச் இல்லை, அடுத்த பஸ் வரும்வரை உட்கார்ந்துவிட்டு எழுந்து போக. அடுத்த பௌர்ணமிக்கும் அடி அண்ணாமலையில் அண்டா ஏறும், கூட்டம் வரிசையில் நிற்கும். அந்தச் சாதத்தைப் பற்றிக் கேள்வி கேட்கத் தெரிந்த ஆட்கள் ஊருக்குத் தேவை. அந்த வேலை பிடித்திருக்கிறது என்று சொல்லி இந்தப் படிப்பில் சேர்வதுதான் சரியான காரணம்.