விடைத்தாளுக்கு ரசீது எங்கே?

ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதி பாலைவனம். வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே பல மைல் தூரம். பிள்ளைகள் எப்படிப் பள்ளிக்கூடம் போவார்கள்? பள்ளிக்கூடமே ரேடியோவில் வந்தது! 1951-ம் ஆண்டு ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் வானொலிப் பள்ளி தொடங்கியது. ஆசிரியர் அங்கிருந்து பேசுவார். பிள்ளைகள் வீட்டில் இருந்தபடியே பதில் சொல்வார்கள்.

பிற்காலத்தில் இப்படி ரேடியோவில் படித்த சிறுவர்களில் ஒருவர், மார்ட்டின் டூகியாமாஸ். பெரியவரானதும் பெர்த் நகரில் உள்ள கர்ட்டின் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தார். இன்டர்நெட் வழியாகப் பாடம் நடத்தும் ஏற்பாட்டைக் கவனிப்பது அவருடைய வேலை. விலைக்கு வாங்கிய அந்த ஏற்பாடு அவருக்குத் திருப்தி தரவில்லை. தாமே ஒன்றை உருவாக்கினார். அதுதான் 2002-ல் வெளிவந்த "மூடில்". யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று கொடுத்துவிட்டார். இங்கிலாந்தின் திறந்தநிலைப் பல்கலைக்கழகமே 2005-ல் அதைத் தேர்ந்தெடுத்தது.

அடியில் ஒரு பேரேடு

பாடமும் படமும் கண்ணுக்குத் தெரியும். அடியில் இருக்கும் பேரேடு தெரியாது. அதற்கு "டேட்டாபேஸ்" என்று பெயர். மாணவர் பெயர் ஒரு பக்கம். பாடங்கள் ஒரு பக்கம். யார் எதில் சேர்ந்தார், எத்தனை மணிக்கு விடை அனுப்பினார், என்ன மார்க் என்பதெல்லாம் வேறு பக்கங்கள். பக்கத்தையும் பக்கத்தையும் எண்களால் பிணைத்திருப்பார்கள்.

இந்த முறைக்கு வழி காட்டியவர் எட்கர் காட். ஐ.பி.எம். கம்பெனியில் இருந்தபோது, 1970-ல் இதைக் கட்டுரையாக எழுதினார். ஒரு மாணவி பத்துப் பாடத்தில் சேர்ந்தாலும் அவளுடைய விலாசம் ஒரே இடத்தில்தான் இருக்கும். கலியாணமாகி ஊர் மாறினால் அந்த ஓர் இடத்தில் திருத்தினால் போதும்!

ராத்திரி 12 மணி

காமிராவுக்கும் விளக்குக்கும் காட்டும் அக்கறையைப் பல்கலைக்கழகங்கள் இந்தப் பேரேட்டுக்கும் காட்ட வேண்டும். பாடம் கெட்டுப்போனால் மறுபடி படம் பிடிக்கலாம். விடை காணாமல் போனால்?

விடை அனுப்பக் கடைசி நாள் என்றால், கடைசி மணி நேரத்தில்தான் கூட்டம் வரும். மனித சுபாவம் அப்படி! அந்தக் கூட்டத்தில் ஒரு தாயும் இருப்பாள். பகலெல்லாம் வேலை பார்த்து, பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு எழுதியவள். அனுப்பும்போது இணைப்பு அறுந்துவிடுகிறது. விடை போய்ச் சேர்ந்ததா? பாதிதான் போனதா? அவளுக்குத் தெரியாது.

நல்ல பேரேடு அரைகுறையாக எழுதாது. முழுவதும் பதியும், இல்லையென்றால் ஒன்றுமே பதியாது. அது சரிதான். ஆனால் பதிந்ததா இல்லையா என்று அவளுக்குச் சொல்ல வேண்டாமா? பதிந்தால் உடனே நேரம் போட்டு ரசீது வர வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போதே விடை தானாகச் சேமிப்பாக வேண்டும். பின்னால் மார்க்கைத் திருத்தினால், திருத்தியது யார், பழைய மார்க் என்ன என்பது அழியாமல் இருக்க வேண்டும். அதை மாணவியும் பார்க்க முடிய வேண்டும்.

இவை முடியாத காரியங்கள் அல்ல. ஏற்பாட்டை வரையும்போதே நினைத்தால் சுலபம். பிறகு ஒட்டுப்போடுவதுதான் கஷ்டம்.

அடகுக் கடைக்காரர்கூட ரசீது கொடுக்கிறார்! ரசீது கொடுக்காத பல்கலைக்கழகம், "தாமதமாக வந்தது" என்று அந்தத் தாயின் மார்க்கைக் குறைப்பது எந்த ஊர் நியாயம்?